தோற்றவருக்கு என்ன கிடைக்கிறது? – போட்டி நடத்தும் தம்பி தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பி தங்கைகளே,

பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் என்று நம் பக்கத்தில் தீபாவளி ஒன்றுகூடல், இளைஞர் மன்ற விழா எது நடந்தாலும், கோலப் போட்டிக்கும் உறியடிக்கும் நடுவே மொபைல் லெஜெண்ட்ஸ் போட்டியும் இப்போது நிகழ்ச்சி நிரலில் ஏறிவிடுகிறது. கூடாரம் போடுவது, இணைய இணைப்புக்கு வழி பார்ப்பது, ஐந்தைந்து பேராகப் பெயர் எழுதுவது, பரிசுப் பணத்துக்குக் கடை கடையாக ஏறி நன்கொடை கேட்பது எல்லாம் நீங்கள்தான். அந்த உழைப்பை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

விளையாட்டு பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று மேடையேறிப் பேசும் பெரியவர்களோடு என்னைச் சேர்த்துவிடாதீர்கள். பெஸ்தாரி ஜெயாவுக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர் இருந்த காலத்தில், தோட்டத்து லயத்து வீட்டில் மைக்ரோ ஜீனியஸ் பெட்டியோடு வளர்ந்தவன் நான். வேலை முடிந்து வீடு திரும்பினால் இன்றைக்கும் கன்ட்ரோலரைத் தேடுகிற கை இது. விளையாட்டுகள் மேல் எனக்கு இருப்பது உண்மையான அன்பு. அன்பு இருக்கிற இடத்தில் கண்டிப்பும் இருக்கும் அல்லவா? எனக்குப் பிடித்தவற்றையும், ஊரே தலையில் தூக்கி வைத்து ஆடினாலும் என் மனம் ஒப்பாதவற்றையும் சொல்கிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது.

ஒரு விளையாட்டை எடை போட நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். தோற்றவரை அது எப்படி நடத்துகிறது? படம் எவ்வளவு அழகு, கதை எவ்வளவு பெரிது, உலகம் முழுக்க எத்தனை கோடி பேர் ஆடுகிறார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. வென்றவரைக் கொண்டாடத் தெரியாத விளையாட்டு எதுவும் இல்லை. தோற்றவர் அடுத்த நொடி என்ன செய்கிறார், அவரிடம் அந்த விளையாட்டு எதைக் கேட்கிறது, அவருக்கு எதைக் கொடுக்கிறது என்று பார்த்தால்தான் அதன் குணம் தெரியும்.

மைக்ரோ ஜீனியஸிலிருந்தே தொடங்குகிறேன். நிண்டெண்டோவின் பெட்டிக்கு நகலாகத் தைவான் நிறுவனம் ஒன்று செய்தது அது. அசல் பெட்டியை எங்கள் லயத்தில் யாரும் கண்ணால் கண்டதில்லை. எங்களுக்கு இதுதான் அசல். எங்கள் தோட்டத்தில் அப்போது ஜெனரேட்டர் மின்சாரம். பொழுது சாயும்போது போடுவார்கள், ராத்திரி பத்து மணி வாக்கில் நிறுத்திவிடுவார்கள். அதற்குள் செய்தி, நாடகம் எல்லாம் போக மிஞ்சுவதுதான் எங்கள் நேரம். தொலைக்காட்சியில் தமிழ்ப்படம் ஓடும் நாளில் அதுவும் கிடையாது. விட்ட இடத்திலிருந்து தொடர்கிற வசதி எங்களிடம் இருந்த கேசட்டுகளில் இல்லை. ஜெனரேட்டர் நின்றால் எல்லாம் போயிற்று; மறுநாள் முதல் கட்டத்திலிருந்துதான். அந்த நேரத்துக்குள் முடிக்கக்கூடிய விளையாட்டு, இரண்டு பேர் சேர்ந்து ஆடக்கூடிய விளையாட்டு எது என்று தேடினால் கையில் கிடைப்பது கொன்ட்ரா.

கொன்ட்ரா 1987இல் கொனாமி நிறுவனம் செய்தது. மறு ஆண்டு வீட்டுப் பெட்டிக்கு வந்தது. முப்பது உயிர் தரும் ரகசியப் பொத்தான் வரிசையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். எனக்குப் பிடித்தது மூன்றாவது கட்டமான அருவி. முதல் கட்டத்தில் பக்கவாட்டில் ஓடிய படம் அங்கே மேல்நோக்கி ஏறத் தொடங்கும். ஆடும் இரண்டு பேரும் பாறை பாறையாகத் தாவி மேலே போக வேண்டும். ஒருவன் அவசரப்பட்டு முந்திக்கொண்டால் திரையும் அவனோடு ஏறிவிடும். கீழே நிற்பவனின் காலடிப் பாறை திரைக்குக் கீழே மறைந்ததும், எந்த எதிரியும் சுடாமலே அவனுக்கு ஓர் உயிர் போய்விடும். அவனைக் கொன்றது கூட்டாளியின் அவசரம். எங்கள் லயத்தில் எத்தனை அண்ணன் தம்பிச் சண்டை அந்த அருவியில் நடந்திருக்கிறது! மூத்தவன் மேலே நின்று, "வாடா, நான் நிக்கிறேன், பயப்படாம குதி" என்று சொல்லப் பழகிய பிறகுதான் நாலாவது கட்டத்தையே பார்த்தோம். உயிரெல்லாம் தீர்ந்தவனுக்கும் வேலை இருந்தது. எந்தப் பக்கத்திலிருந்து குண்டு வருகிறது என்று கத்திச் சொல்வது அவன் பொறுப்பு. தோற்றவன் அதே பாயில்தான் உட்கார்ந்திருந்தான். கொன்ட்ராவை நான் முதல் வரிசையில் வைப்பது இதனால்தான்.

அதே காலத்தில் பட்டணத்து வீடியோ கேம் கடைகளில் கூட்டத்தை இழுத்தது 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2. என் வயதுக்காரர்கள் பலர் அதைத் தெய்வம் மாதிரி பேசுவார்கள். சண்டை விளையாட்டுகளுக்கு இலக்கணம் எழுதியது அதுதான்; மறுக்கவில்லை. ஆனால், அது நாணயப் பெட்டிக்காகப் பிறந்த விளையாட்டு. தோற்றவுடன் திரையில் எண் குறைந்துகொண்டே வரும். அது ஓடி முடிவதற்குள் இன்னொரு நாணயம் போட்டால் தொடரலாம், இல்லையென்றால் நகரு. இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய், வெயில் ஏறும்வரை பால் மரம் வெட்டிய அம்மாவின் காசு அந்தத் துளைக்குள் எவ்வளவு வேகமாக இறங்கியது என்பதை அந்தக் கடை வாசலில் நின்றவர்கள் அறிவார்கள். அதிலே வரும் டால்சிமை 'நம்ம ஆளு' என்று இன்றைக்கும் கொண்டாடுகிறார்கள். கழுத்தில் மண்டையோட்டு மாலை, வாயில் நெருப்பு, நினைத்த தூரம் நீளும் கை கால், பின்னணியில் யானைகள். உலகத்தின் அத்தனை திரைகளிலும் இந்தியன் என்றால் அந்த ஓர் உருவம்தான் என்று ஆனபோது, நம்மைப் பார்த்திராத ஒருவர் நம்மைப் பற்றிக் கட்டிய கற்பனையை நாமே கைதட்டி ஏற்றுக்கொண்டோம். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 மிகையாகப் புகழப்பட்டது என்று நான் சொல்வதற்கு நாணயம் ஒரு காரணம் என்றால் டால்சிம் இன்னொரு காரணம்.

பிளேஸ்டேஷன் நம் பக்கத்துக்கு வந்தது வேறு ஒரு நேரத்தில். அதைச் சொல்லக் கொஞ்சம் பின்னே போக வேண்டும். இங்கேயுள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலில் வணிகத்துக்காகச் செம்பனை போட்டார். ரப்பரோ செம்பனையோ, தோட்டம் என்று இருந்தால் கோயில், பள்ளி, கள்ளுக்கடை, பந்து விளையாட ஒரு திடல் என்பது வழக்கம். தோட்டத்துக்குத் தோட்டம் பந்துக்குழு இருந்தது. பிறகு தோட்டங்கள் கைமாறின. காடு அழிந்து தாமான்கள் எழுந்தன. குடும்பங்கள் மலிவுவிலை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் குடிபோயின. சட்டி பானை வந்தது, சாமி படம் வந்தது. திடல் வரவில்லை. பந்து ஆடிப் பழகிய கால்கள் சும்மா இருந்த அந்த வெற்றிடத்தில்தான் வின்னிங் இலெவன் என்ற பந்து விளையாட்டு வந்து இறங்கியது.

அதுவும் கொனாமி செய்ததே. பாசார் மாலாமில் சில வெள்ளிக்குக் கிடைத்த சீடி ஜப்பானிய மொழியில் இருக்கும். ஓர் எழுத்து புரியாது. மூன்றாவது வரியில் வட்டத்தை அழுத்து, பிறகு கீழே இரண்டு முறை போ என்று மனப்பாடமாகவே வைத்திருந்தோம். வர்ணனையாளர் ஜோன் கபிரா ஜப்பானிய மொழியில் அலறும்போது, அர்த்தம் தெரியாமலே கூடவே அலறாத பையன் இல்லை. உரிமம் வாங்காததால் ஆட்டக்காரர்களின் பெயரைத் திரித்துப் போட்டிருந்த பதிப்புகளும் உண்டு. ராபர்ட்டோ கார்லோஸ் அதில் லார்கோஸ் ஆகிவிடுவார். அந்தப் பெயரையே சொல்லிப் பழகிவிட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதெல்லாம் வெளியழகு. உள்ளே இருந்தது உண்மையான பந்து. கால் மாறிப் பட்டால் பந்து வேறு எங்கோ போகும்; தளர்ந்த ஆட்டக்காரன் கடைசிப் பத்து நிமிடத்தில் ஓட மாட்டான்; கோல் கிடைப்பது அரிது. கிடைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வந்து திட்டும் அளவுக்குச் சத்தம் போடுவோம்.

அங்கே சட்டம் ஒன்றே: வென்றவன் உட்காருவான், தோற்றவன் எழுந்து அடுத்தவனுக்குக் கன்ட்ரோலரைக் கொடுப்பான். கொடுத்துவிட்டு வரிசைக்குக் கடைசியில் போய் நிற்பான். நிற்கிற நேரத்தில் மற்றவர்கள் ஆடுவதைப் பார்ப்பான். அவர்கள் எங்கே இடம் விடுகிறார்கள் என்று கவனிப்பான். திரும்ப அவன் முறை வரும்போது வேறு ஆளாகத்தான் வருவான். அந்தப் பதினைந்து இருபது நிமிடக் காத்திருப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்த அளவு வேறு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. தோல்விக்குப் பிறகு ஓய்வு, ஓய்வுக்குள் பாடம், பாடத்துக்குப் பிறகு மறுவாய்ப்பு. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. நாற்காலி இரண்டு, பிள்ளைகள் பத்து என்றால் தானாக அமைந்துவிடும்.

அதே பெட்டியில் டெக்கன் 3. 1998இல் வீட்டுக்கு வந்தது. கைதேர்ந்த அண்ணன்களுக்கு அதிலே ஒரு கோபம் உண்டு. எட்டி கோர்டோ என்ற பிரேசில்காரனை எடுத்து, உதைக்கும் பொத்தான்கள் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினால் போதும், அவன் கைகளில் நின்று சுழன்று சுழன்று அடிப்பான். மாதக்கணக்கில் பழகியவன் ஒன்பது வயதுத் தங்கையிடம் தோற்பான். இது குறை என்பார்கள். நான் அதை அந்த விளையாட்டின் பெருந்தன்மை என்பேன். நேற்று வந்த சின்னப் பெண் முதல் நாளே ஒருமுறை வெல்ல இடம் வைத்திருக்கிறதே! அந்த ஒரு வெற்றிக்குப் பிறகு அவள் கன்ட்ரோலரை விட மாட்டாள். அடுத்த ஆண்டு உண்மையாகவே அண்ணனை அடிப்பாள்.

சிசி காலத்துக்கு வருவோம். சைபர் கஃபேயை நம் பிள்ளைகள் அப்படித்தான் சொன்னார்கள். அங்கே ராஜா கவுண்டர் ஸ்ட்ரைக். 2003இல் வந்த 1.6 பதிப்பு. வன்முறை என்பதால் பெற்றோருக்கு அது ஆகாது; அவர்கள் கவலை நியாயம்தான். ஆனால் அதன் உள்கணக்கைப் பாருங்கள். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு அணிக்கும் பணம் வரும், அதில்தான் அடுத்த சுற்றுக்கான ஆயுதம் வாங்க வேண்டும். வென்ற அணிக்குக் கூடுதல் பணம். தோற்ற அணிக்கு 1,400. மறுபடியும் தோற்றால் 1,900. அதற்கும் அடுத்தது 2,400. தொடர்ந்து அடி வாங்குகிறவர்கள் கையில் பணம் கூடிக்கொண்டே போகும், அவர்கள் எழுந்து நின்று ஒரு சுற்றாவது சமமாக மோதுவதற்காக. தோற்றவர் தொடர்ந்து தோற்றுக்கொண்டே இருந்தால் ஆட்டம் செத்துவிடும் என்று அதைச் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. சுற்றின் நடுவில் செத்தவர், மிஞ்சியிருக்கும் கூட்டாளியின் கண் வழியே பார்த்துக்கொண்டிருப்பார். கடைசி ஆளாக நின்று ஒருவன் மூவரைச் சமாளிக்கும்போது, செத்த நாலு பேரும் அவன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள். அந்த அமைதியை அனுபவித்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

டோட்டா எனக்குப் பிடித்தது என்பதைவிட, மதிக்கிறேன் என்பேன். கடுமையான விளையாட்டு, செத்தால் சேர்த்த தங்கமும் குறையும். ஆனால், மலேசியர்களுக்கு உலக மேடையைத் திறந்தது அதுதான். 2013இல் சியாட்டிலில் நடந்த தி இண்டர்நேஷனல் உலகப் போட்டியில் நம் ஆரஞ்ச் அணி உலகின் மூன்றாவது அணியாக வந்தது. முஷி என்று அழைக்கப்படும் சாய் யீ ஃபுங் அந்த அணியின் தூண். தோற்றவர் பிரிவின் இறுதி ஆட்டத்தில், உயிர் மீட்டுத் தரும் ஏஜிஸ் கேடயத்தை எடுக்கப் போய் அவர்களில் ஒருவர் தவறுதலாக அதை அழித்துவிட்டார், ஆட்டமும் கைநழுவியது. இன்றும் அந்தக் காட்சியைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருமுறை தோற்ற பிறகும் போட்டியில் நீடிக்க வழி இருந்ததால்தான் அவர்கள் அந்த மூன்றாம் இடம்வரை வந்தார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

ஜிடிஏ சான் அண்ட்ரியாஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிசியில் அதை ஆடியவர்களில் பெரும்பாலோர் கதையைத் தொட்டதே இல்லை. ரகசியக் குறியீடுகளை அடித்து டாங்கியை வரவழைத்துத் தெருவைக் கொளுத்தியதுதான் நடந்தது. தோல்வியே இல்லாத இடத்தில் எனக்கு வேலை இல்லை. பப்ஜியும் அதன் வகையறாவும் நேர் எதிர். நூறு பேர் குதித்து ஒருவரோ ஓர் அணியோ வெல்லும் ஆட்டத்தில் தோற்பதுதான் எல்லாருக்கும் விதி. தோற்றவரை நொடியில் வாசலுக்குக் கொண்டுவந்து கடையைக் காட்டிவிடுகிறது. ஃபீஃபா வரிசையை விட்டுவிட முடியாது. வின்னிங் இலெவனை ஓரங்கட்டிய பெரிய பெயர் அது. அதன் அல்டிமேட் டீம் என்ற பிரிவில் பணம் கட்டிப் பொட்டலம் வாங்க முடிந்தது. உள்ளே எந்த ஆட்டக்காரர் என்று பிரிக்கும்வரை தெரியாது. 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் இத்தகைய பொட்டலங்கள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று அறிவித்தது. ஃபீஃபா அதில் இருந்தது. நான் இத்தனை நேரம் புகழ்ந்த கவுண்டர் ஸ்ட்ரைக்கின் பிற்காலப் பதிப்பும் அந்தப் பட்டியலில் இருந்தது. நல்ல விளையாட்டும் பிற்காலத்தில் நாணயப் பெட்டிக்குள் போய் உட்காரலாம் என்பது எனக்கு வருத்தம் தந்த செய்தி.

இப்போது உங்கள் மொபைல் லெஜெண்ட்ஸ். பொறுமையாகப் படியுங்கள், தம்பி.

2016இல் வந்த அந்த விளையாட்டு நம் பிள்ளைகளுக்குச் செய்த நன்மை பெரிது. கணினி வாங்க முடியாத வீட்டிலும் கைப்பேசி இருக்கிறது. சபாக் பெர்ணத்தில் இருக்கிற பையனும் கோலாலம்பூர் பெரிய வீட்டுப் பையனும் ஒரே களத்தில் நிற்க முடிகிறது. 2024 ஜூலையில் ரியாத் நகரில் நம் மாநிலத்தின் பெயரைத் தாங்கிய சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி, பிலிப்பீன்ஸின் பலமான அணியை நாலுக்கு மூன்று என்ற கணக்கில் வென்று மிட் சீசன் கோப்பையைத் தூக்கியது. பத்து லட்சம் அமெரிக்க டாலர் பரிசு. ஏழாவது ஆட்டம்வரை இழுத்த அந்த இரவை நானும் கண்கொட்டாமல் பார்த்தேன். திறமை இல்லாத விளையாட்டு என்று யாராவது சொன்னால் நான்தான் முதலில் சண்டைக்கு நிற்பேன்.

ஆனால் நீங்கள் நாள்தோறும் ஆடும் தரவரிசை ஆட்டம் தோற்றவரை எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். தோற்றால் ஒரு நட்சத்திரம் போகும். சில வாரங்கள் கண்விழித்து ஏறிய படியை, பருவம் முடிந்ததும் விளையாட்டே கீழே இறக்கிவிடும், திரும்ப ஏறு. அதைக்கூட மன்னிப்பேன். ஆட்டம் முடிந்ததும் வருகிற அந்தப் பட்டியல்தான் என்னை உறுத்துகிறது. ஐந்து பேருக்கும் தனித்தனி மதிப்பெண், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று பதக்கம். தோற்ற அணியிலும் ஒருவருக்கு எம்விபி பட்டம். கேட்க நியாயமாக இருக்கிறது. நடப்பது என்ன? அந்த ஒருவர், 'நான் நன்றாகத்தான் ஆடினேன், இவர்கள்தான் கெடுத்தார்கள்' என்று முடிவு கட்டுகிறார். கடைசி மதிப்பெண் வாங்கியவர் மேல் மூன்று பேர் பாய்கிறார்கள். தோற்றது ஐந்து பேர். திரை அதை ஒருவர் தலையில் கட்டிவிட்டது. முன்னே போய் அடி வாங்கி மற்றவர்களைக் காப்பாற்றுகிறவரின் மதிப்பெண்ணும், தோழரைக் குணப்படுத்தித் திரிகிறவரின் உழைப்பும் அந்த எண்ணிக்கையில் சரியாக வருவதே இல்லை. ஆட்டத்தின் அரட்டையில் வருகிற வசவை நீங்கள் என்னைவிட அதிகம் படித்திருப்பீர்கள். பெண்பிள்ளை ஆடுகிறாள் என்று தெரிந்தால் வசவு இன்னும் கீழே இறங்குகிறது. தங்கைகள் பலர் ஆண் பெயர் வைத்துக்கொண்டு ஆடுவது ஏன் என்று போட்டி நடத்தும் தம்பிகள் ஒருநாள் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஸ்கின் என்ற அலங்கார உடை. வைரம் வாங்கி, இழுத்துப் பார்த்து, கிடைக்காமல் மறுபடி இழுத்து, ஒரு கதாபாத்திரத்துக்கு நல்ல ஸ்கின் வாங்குவதற்குள் எத்தனை வெள்ளி போகிறது? எங்கள் காலத்து நாணயத் துளை உங்கள் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது. அதுவும் தோற்றவரின் முகம் சுருங்குகிற சரியான நேரத்தில் வந்து நிற்கிறது. போட்டிக்கு வந்த பிள்ளை ஸ்கின் இல்லாமல் வந்தால் மற்றவர்கள் ஏளனமாகப் பார்ப்பதை உங்கள் கூடாரத்திலேயே பார்த்தேன். செம்பனைக் குலை வெட்டும் அப்பாவின் பிள்ளை அவன். ஆட்டத்தில் நன்றாகத்தான் இருந்தான்.

மொபைல் லெஜெண்ட்ஸ் கெட்டது என்று நான் சொல்லவில்லை. அது ஒன்றுதான் விளையாட்டு என்று நாம் நடந்துகொள்கிறோம். அந்த அளவுக்கு அது தகுதியானது இல்லை. மிகையான புகழ் என்று நான் சொல்வது இந்த இடத்தைத்தான்.

வேறு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2. 1999இல் வந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. 2022 ஏப்ரலில் அதற்கு வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர் என்றொரு நாகரிகத்தைச் சேர்த்தார்கள். சுருள்வாள் வீசும் வீரர்கள், திரிசடை என்ற போர்க்கப்பல், மீன்பிடியில் கூடுதல் வலு. ஒவ்வொரு யுகம் ஏறும்போதும் 200 மரம் சும்மா கிடைக்கும். குதிரைப்படைதான் பலவீனம். ஆட்களைத் தொட்டால் தமிழில் பதில் சொல்வார்கள். ராஜேந்திர சோழனுக்கென்று தனிப் படையெடுப்புக் கதையே இருக்கிறது. 1025இல் கடல் கடந்து வந்து கடாரத்தை, அதாவது நம் கெடாவை, தாக்கிய அதே ராஜேந்திரன். டால்சிமோடு வளர்ந்த எனக்கு அதை முதன்முதலில் இயக்கிய இரவு தூக்கம் வரவில்லை. இன்னொன்று: தோற்ற ஆட்டம் முழுவதையும் அது பதிவுசெய்து வைத்திருக்கும். எதிரியின் கண்கொண்டு முதலிலிருந்து பார்க்கலாம். எந்த நிமிடத்தில் உங்கள் வேலையாட்கள் குறைந்தார்கள், எந்த நிமிடத்தில் அவன் படை முந்தியது என்று வரைபடமே காட்டும். ஒருவரையும் திட்டாமல் தோல்விக்குக் காரணம் சொல்லும் விளையாட்டு அது.

வெண்பா. இதைச் சொல்லும்போது என் குரல் மாறிவிடும் என்று வீட்டில் சொல்வார்கள். டொரோண்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் 2023 ஜூலையில் வெளியிட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அம்மா வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். அம்மாவின் அம்மா எழுதிக்கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் அழிந்தும் போயிருக்கிறது. விடுபட்டதை நாம் யோசித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு வைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்று திரையைப் பார்த்து முழிக்கிற பையனுக்கு, அடுப்படியில் இருக்கும் அம்மா எட்டிப் பார்த்து விடை சொல்லிவிட்டுப் போவார். தப்பாகச் செய்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. திரும்பச் செய். அதனால் யாரும் சாகமாட்டார்கள், நட்சத்திரம் போகாது. 2024இல் பாஃப்டா அமைப்பு அறிமுக விளையாட்டுக்கான விருதை அதற்குக் கொடுத்தது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, இதற்கா இத்தனை புகழ் என்று கேட்கிறவர்கள் உண்டு. கடல் தாண்டிப் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகள் நாம். தாய் பேசும் மொழியில் தடுமாறும் மகன், கடைசியில் அந்தக் குறிப்பேட்டைத் தானே பிரித்து உட்காருகிற காட்சிக்கு ஒன்றரை மணி நேரம் போதும்.

இனி கோரிக்கை. உங்கள் போட்டி ஒரே தோல்வியில் வெளியேற்றும் முறையில் நடக்கிறது. எட்டு அணி வந்தால் நாலு அணி முதல் ஆட்டத்தோடு வீடு திரும்புகிறது. சுங்கை பெசாரிலிருந்து மோட்டாரில் இருவர் இருவராக வந்த பிள்ளைகள், கால் மணி நேரம் ஆடிவிட்டு, பொட்டலச் சாப்பாடு வாங்கிக்கொண்டு கிளம்புவதைப் பார்க்க முடியவில்லை. தோற்றவர் பிரிவு ஒன்றைச் சேருங்கள். ஆரஞ்ச் அணியை மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்த அதே முறை. எட்டு அணிக்கு ஏழு ஆட்டம் நடக்கிற இடத்தில் பதினான்கோ பதினைந்தோ நடக்கும். ஒரே நேரத்தில் இரண்டு ஆட்டம் விட்டால் மாலைக்குள் முடிந்துவிடும். முடிவுப் பட்டியலைப் பெரிய திரையில் காட்டாதீர்கள். எந்த அணி வென்றது என்பது போதும். பதிவுப் பாரத்தில் பெண்கள் அணிக்கென்று ஓர் இடம் வையுங்கள். கலப்பு அணியும் வரலாம் என்று எழுதுங்கள்.

கூடாரத்தின் ஓர் ஓரத்தை எனக்குக் கொடுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் காத்திருக்கும் பிள்ளைகளுக்காகப் பழைய பெட்டியில் கொன்ட்ராவும், இரண்டு கன்ட்ரோலரோடு ஒரு பந்து விளையாட்டும் வைக்கிறேன். வென்றவர் உட்காரட்டும், தோற்றவர் எழுந்து கொடுக்கட்டும். இன்னொரு மேசையில் வெண்பா. அதை ஆட அம்மாவையோ பாட்டியையோ கூட்டிவர வேண்டும், தனியாக வந்தால் இடமில்லை என்று அறிவித்துவிடலாம். திரைகளும், மின்கம்பிப் பலகையும், பாயும் என் பொறுப்பு. மேசை மட்டும் பள்ளியிலிருந்தோ கோயிலிலிருந்தோ நீங்கள் வாங்கித் தர வேண்டும். பரிசுத் தொகையில் ஒரு பகுதியைத் தோற்றவர் பிரிவின் வெற்றியாளருக்கு ஒதுக்க முடிந்தால், என் பங்குக்கு நானும் போடுகிறேன்.

அடுத்த கூட்டம் எப்போது என்று சொல்லுங்கள். ஆட்ட அட்டவணையை வரைந்து எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
பெஸ்தாரி ஜெயாவிலிருந்து
உங்கள் மூத்த ஆட்டக்காரன்